வழிக்குத் தெளித்த பால்

கடையில் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது மாம்பலத்துக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் முழங்கையைத்தான் பார்க்கிறார்கள். வலது கையால் காசை நீட்டுவேன். இடது கை தானாகவே எழுந்து போய் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளும். ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு பெரியவருக்கு வெற்றிலை கொடுத்தாலும் இப்படித்தான் கொடுப்போம். ஒற்றைக் கையை மொட்டையாக நீட்டினால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். இங்கே பாண்டிபஜாரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையில் ஓர் அம்மாள் கேட்டேவிட்டார்: "ஏம்பா, கையிலே சுளுக்கா? வேப்பெண்ணெய் போட்டு உருவி விடச் சொல்றதுதானே?" கடையே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வெட்கப்படுகிறவன்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பான், கவனித்திருக்கிறீர்களா? மறுநாளிலிருந்து இடது கையை மேஜைக்கு அடியில் கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல் பிடித்து வைத்துக்கொள்ளப் பழகினேன்.

அப்படிப் பழகியிருந்த ஒரு சாயங்காலம்தான் அவர் கடைக்கு வந்தார். அகன்ற முகம், வெயிலில் கறுத்த கன்னம், எட்டு முழ வேட்டியை எப்படி எப்படியோ சுற்றியிருந்தார். ஒரு துண்டு எடுத்துக்கொண்டு காசை நீட்டினார். நீட்டியபோது அவருடைய இடது கை வந்து வலது முழங்கையைத் தொட்டது. மேஜைக்கு அடியிலிருந்த என் கை என்னைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் முழங்கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "பர்மாவா?" என்று இந்துஸ்தானியில் கேட்டேன். "இல்லை, மங்கோலியா" என்றார். பின்னாலிருந்த முதலாளி என் காதருகே வந்து, "ஜப்பான்காரனா பாரு" என்றார். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம்.

அவர் பெயர் தம்தின். முப்பது வயதிருக்கும். சிறு பிள்ளையாக இருக்கும்போதே யாத்திரிகர் கூட்டத்தோடு ஊரை விட்டுக் கிளம்பி, லாசாவில் மடத்தில் படித்து, இமயமலைப் பக்கத்துக் கலிம்பொங் வழியாகச் சென்னைக்கு வந்தவர். அவர்கள் மடத்தில் மனப்பாடம் செய்விக்கிற ஒரு வைத்திய நூலுக்குச் சமஸ்கிருத மூலம் உண்டாம். அதன் ஏடு அடையாற்றங்கரையில் ஒரு நூல்நிலையத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் படித்துப் பிரதி எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார். ஊரில் இருந்த அவர்கள் மடத்தைப் புது ஆட்சிக்காரர்கள் இடித்துவிட்டார்கள். அங்கே திரும்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. ஆகவே அவர் கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு நூல்தான். அதை முழுதாக எடுத்துக்கொண்டால், போகிற இடத்தில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்துவிடுவேன் என்றார். அதற்கு இரண்டு மூன்று வருஷம் இங்கே இருக்க வேண்டும். இருக்க ஓர் அறை வேண்டும். அறைதான் கிடைக்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள்.

எங்கள் கதையும் அதுவே என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை. ரங்கூனில் குண்டு விழுந்தபின் நாங்கள் எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூர் மலைகளில் நடந்து வந்தவர்கள். நானும் என் மனைவி பாக்கியமும் அவளுடைய அம்மாவும் கிளம்பினோம். நானும் பாக்கியமும் வந்து சேர்ந்தோம். மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் அத்தை உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்தது. மூங்கில் தழையால் மூடிவிட்டு நடந்தோம். பாக்கியம் அதைப்பற்றி அதற்குப் பிறகு பேசியதே இல்லை. சென்னைக்கு வந்து இறங்கினால் இங்கே வேடிக்கை: ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் ஓடுகிற ஊருக்குள் நாங்கள் மட்டும் வந்தோம். மயிலாப்பூரில் ஒரு முதலியார், சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், குடும்பத்தோடு ஆற்காட்டுப் பக்கம் போகும்போது வீட்டைக் காவல் காக்க எங்களைப் பின்கட்டில் குடிவைத்தார். திரும்பி வந்த பிறகும், போகச் சொல்லவில்லை. அவருக்கு நான் இன்றுவரை 'பர்மாக்காரர்'. மற்றவர்களும் அப்படியே. "சொந்த ஊர் எது?" என்பார்கள். "ரங்கூன்" என்பேன். "அது சரி, சொந்த ஊர்?" என்பார்கள். என் தாத்தா கப்பலேறிய ராமநாதபுரத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னால்தான் விடுவார்கள். அந்தக் கிராமத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

அந்த முதலியாரிடம்தான் தம்தினைக் கூட்டிப் போனேன். வீட்டு வாசலருகே காலியாகக் கிடந்த மோட்டார்க் கொட்டகையை அறையாகத் தடுத்திருந்தார்கள். முதலியார் சாய்வு நாற்காலியிலிருந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உலகத்தையே கட்டி ஆண்டானே, அந்தப் பெரிய கானுக்கு இவர் என்ன உறவாம்?"

நான் மொழிபெயர்த்தேன். தம்தின் யோசித்து, "எங்கள் வீட்டில் இருந்தவை ஆடுகள்தான்" என்றார். முதலியாருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அறை கிடைத்தது.

அதன்பின் ஆரம்பித்தன கேள்விகள். இந்த வீட்டில் தினமும் சாயங்காலம் அவரை வராந்தாவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. தெருவிலிருந்தும் வருவார்கள். நடுவில் நான் இந்துஸ்தானியும் தமிழுமாக இழுபட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் பாஷையும் சீன பாஷையும் ஒன்றா? (இல்லை. தமிழும் இந்துஸ்தானியும் ஒன்றா?) குதிரைப் பால் குடிப்பீர்களாமே, அது என்ன ருசி? வீட்டையே மடித்து எருதின்மேல் ஏற்றிக்கொண்டு போவீர்களாமே, வரி எப்படிக் கட்டுவீர்கள்? அம்மாவை எப்படிக் கூப்பிடுவீர்கள்? ('ஏஜ்' என்று கூப்பிடுவார்களாம்.) படிக்க உங்கள் தேசத்தில் பள்ளிக்கூடமே இல்லையா, இத்தனை தூரம் வந்தீரே? ஒரு நாள் முதலியாரின் சம்சாரம், வீட்டில் எல்லாரும் அம்மாள் என்று கூப்பிடுகிறவர், தம் பெயரை அந்த எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். தம்தின் மேலிருந்து கீழாக எழுதினார். "அடி, மழை இறங்கற மாதிரி எழுதறாரே!" என்றார் அம்மாள். அதைத் தம்தினிடம் சொன்னேன். இங்கே வந்தபிறகு அவர் எழுத்தைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். 'தம்தின்' அம்மாளின் வாயில் 'தாமோதரம்' ஆனதும் அந்த வாரம்தான்.

கிழமைகளின் பெயரை ஒரு நாள் கேட்டார்கள். பழைய வழக்கப்படி ஆதியா, சுமியா, அங்காரக், புத், பர்ஹஸ்பத், சுகர், சஞ்சிர் என்று அவர் சொல்லச் சொல்ல முதலியார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஆதித்யன், சோமன், அங்காரகன்! கேட்டீரா பர்மாக்காரரே? எல்லாம் இங்கேருந்து போனதய்யா!" அன்றைக்குத் தம்தினுக்கு இரண்டாவது டம்ளர் காபி கிடைத்தது. மறுநாளிலிருந்து எல்லாரும் அந்த மாதிரிச் சொல்லையே கேட்டார்கள். எது எது நம்மிடமிருந்து போனது என்பதே கேள்வி. அவரோ தெருவில் ஜட்கா வண்டி போனால் குதிரையின் நிறத்துக்கு ஒரு பெயர் சொல்வார். அவர்கள் பாஷையில் குதிரை நிறத்துக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் சொற்கள் உண்டாம். ஒரே செந்நிறத்தில் இத்தனை தினுசா என்று எனக்கு வியப்பு. வராந்தாவில் அதைச் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. "வந்ததைக் கேட்கிறார்கள். வராமல் எங்களுக்கே இருப்பதைக் கேட்பதில்லை" என்றார் ஒரு நாள், கோபமில்லாமல். எனக்குத்தான் முகம் சுருங்கியது. மொகிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாவும் ஙப்பி என்கிற மீன் விழுதும் நாறுமா நாறாதா என்று ஐந்து வருஷமாக என்னைக் கேட்டவர்களின் கேள்விகளைத்தானே நான் அப்படியே அவரிடம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தேன்?

அவருக்கும் கேட்க ஆசை இருந்தது. அவர்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது ஆடு மாடு கொழுத்திருக்கிறதா என்பதுதானாம். காலையில் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறக்கிற முனிசாமியிடம், தமிழில் கற்றுக்கொண்ட முதல் மரியாதையாக, "மாடு நல்லா கொழுத்திருக்கா?" என்று கேட்டுவிட்டார். முனிசாமி பதறிப்போய் மாட்டின் முதுகைத் துண்டால் மூடினார். "இன்னா நைனா, காலங்காத்தால கண்ணு வெக்கிறே? ஏற்கெனவே ஒரு கண்ணுக்குட்டிய வாரிக் குடுத்துட்டு, வைக்கோலு கன்ன வெச்சுக்கினு கறந்துக்கினு கீறேன்!" நான் ஓடிப்போய்ச் சமாதானம் சொன்னேன். அப்போது சிரித்துவிட்டோம். வழக்கங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது சத்தம் சிறிதாக இருந்தால் சிரிக்கத்தான் தோன்றுகிறது.

முதலியாருக்கு ஒரே பிள்ளை, நடராஜன். இஞ்சினீயர் படிப்புக்காகச் சீமைக்குப் போக யுத்தம் முடியக் காத்திருந்தான். அவனுக்குத் தம்தினிடம் ஒட்டுதல் வந்துவிட்டது. வராந்தாக் கேள்விகளை அவன் கேட்கமாட்டான். கொட்டகை அறையில் போய் உட்கார்ந்து வேறே கேட்பான். புது ஊரில் முதல் ராத்திரி எப்படித் தூங்குவது? நம் பாஷையை ஒரு வருஷம் வாயால் பேசாவிட்டால் மறந்துபோகுமா? தம்தின் சொன்ன பதில்களில் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது: "மறக்காது. ஆனால் கனவில் உன் அம்மா அந்த ஊர் பாஷையில் பேசுவாள். அன்று காலையில் பயப்படாதே." நானே அந்தக் கனவைக் கண்டவன், என் அம்மா எனக்குச் சென்னைத் தமிழில் பேசியிருக்கிறாள். நடராஜனைத் தம்தின் 'டூ' என்று கூப்பிடுவார். தம்பி என்று அர்த்தம்.

யுத்தம் முடிந்து ஒருவழியாக நடராஜனுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. அவன் பிரயாணத்துக்குச் சில நாள் முன்னால் தம்தின் ஒரு மரக்கரண்டி செதுக்கிக்கொண்டிருந்தார். கரண்டியின் தட்டையில் சின்னச் சின்னதாக ஒன்பது குழி. என்னவென்று கேட்டேன். அவர்கள் ஊரில் ஒருவர் தூர வழி கிளம்பினால் அம்மா பின்னால் வந்து இந்தக் கரண்டியால் பாலைத் தொட்டு வானத்துக்கும் வழிக்கும் தெளிப்பாளாம். பால்போல வெள்ளையாய் வழி இருக்கட்டும் என்று. அவர் கிளம்பிய காலையில் அவர் அம்மா அப்படித் தெளித்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தாளாம். "டூவுக்கு நான் தெளிப்பேன்" என்றார். எவ்வளவு அழகான வழக்கம் என்று எனக்குக் கண் கலங்கியது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த இடத்தில்தான் என் மனம் இன்றும் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. என் அப்பாவுக்கு ரங்கூன் சுடுகாட்டில் மறுநாள் பால் தெளித்தவன் நான். ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் காரணமில்லாமல் பால் தெளிக்க விடமாட்டான். அதை நினைக்கவே நாக்கைக் கடித்துக்கொள்வான். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? பிறகு யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். தம்தின் சொன்னதை நான் இந்துஸ்தானியில் கேட்டேன். அங்கே அது வெறும் பால். வராந்தாவில் ஓயாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன், இந்த ஒன்றை மட்டும் தமிழுக்குக் கொண்டுவராமல் அந்தப் பாஷையிலேயே வைத்து ரசித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லையே, அதனால்.

நடராஜன் கிளம்பிய காலை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நல்ல நேரம் குறித்து, எதிர்வீட்டுச் சுமங்கலியைத் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வரச் சொல்லி ஏற்பாடு. பாக்கியமும் ஆசையாகத் தலைவாரிப் பூவைத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மாள் பின்கட்டுக்கு வந்து அவள் கன்னத்தைத் தடவி, "நீ அடுப்பைப் பாத்துக்கோடி கண்ணு" என்றார். இதமாகத்தான் சொன்னார். வழியில் தாயைப் பறிகொடுத்து வந்தவள், வழிக்குக் கிளம்புகிறவன் எதிரே வர வேண்டாம் என்பதைச் சொல்லாமல் சொன்னார். பாக்கியம் பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் வாசலில் இருந்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஒரு கணத்தில் விளங்கியிருக்கும்; தடுத்திருப்பாள்.

மோட்டார் நகர்ந்தது. தெருவே கையசைத்தது. கொட்டகைக் கதவு திறந்து, தம்தின் தம் ஊர்ச் சட்டையை அணிந்து, இடுப்பில் மஞ்சள் கச்சை கட்டி, ஒரு கையில் முனிசாமியிடம் வாங்கிய பால் சொம்பும் மறு கையில் கரண்டியுமாக வெளியே வந்தார். வண்டிக்குப் பின்னால் நடந்தார். கரண்டியைப் பாலில் தோய்த்து வானத்தை நோக்கி வீசினார். சக்கரத் தடத்தின்மேல் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. "சைன் யாவாராய்" என்று உரக்கச் சொன்னார். நல்லபடி போய்வா என்று அர்த்தம். மறுபடி தோய்த்தார், மறுபடி வீசினார். வண்டியின் பின்கண்ணாடியில் நடராஜன் முகம் தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான், அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் சிரித்ததை அம்மாள் பார்க்கவில்லை. அம்மாள் பாலைத்தான் பார்த்தார்.

"ஐயோ, எம்புள்ளைக்குப் பால் தெளிச்சுட்டானே!"

அந்தக் குரலைக் கேட்டுத் தெரு அப்படியே நின்றுவிட்டது. அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தார். பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து சக்கரத் தடத்தில் ஊற்றிக் கழுவினார்கள். தம்தின் கையில் கரண்டியோடு, எல்லாரும் ஏன் தம்மை அப்படிப் பார்க்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார். நான் முதலியாரிடம் ஓடினேன்.

"ஐயா, அவங்க ஊர்லே இது ஆசீர்வாதங்க."

"நம்ம ஊர்லே?"

என் கண் சக்கரத் தடத்துக்குப் போனதை முதலியார் பார்த்தார்.

"உமக்கு முன்னாடியே தெரியுமா?"

"கரண்டி செய்யறப்போ சொன்னாருங்க."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீரா? அவருக்குத்தான் தெரியாது. நீரும் தமிழன்தானேய்யா?"

ஐந்து வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. கடையில், தெருவில், இந்த வராந்தாவில், ஒருவராவது வாய்திறந்து என்னைத் தமிழன் என்று சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். சொன்னார் முதலியார். எந்த இடத்தில் சொன்னார் பாருங்கள். காலுக்குக் கீழே இருந்த மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

பிறகு தம்தினுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. கொட்டகை அறையில் உட்கார்ந்து, எங்களில் இறந்தவரை எரித்த மறுநாள் பால் தெளிப்போம் என்று சொன்னேன். பிணத்தைக் குறிக்கிற 'முர்தா' என்ற சொல்லைச் சொன்னதும் அவர் கரண்டியை மெல்லத் தரையில் வைத்தார். எழுந்து போய் உள்கட்டு வாசலில் நின்று, இரு கையும் நெற்றியில் வைத்து அம்மாளை வணங்கினார். அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வந்து, "ஒரு தாயின் வழியில் கேட்காமல் நுழைந்துவிட்டேன்" என்றார். என்மேல் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முதலியார் கெட்டவர் அல்ல. "மாசக் கடைசி வரைக்கும் இருக்கச் சொல்லும்" என்றார். நான் தம்தினுக்காக அபிராமபுரம், மந்தைவெளி, பட்டினப்பாக்கம் வரை வீடு தேடி அலைந்தேன். கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "பால் தெளிச்சாரே, அவருக்கா?" என்றே கேட்டார்கள். சாந்தோமில் மாதாகோயில் தெருவில் ஒரு வாத்தியார், "எங்களுக்கு அந்தச் சகுனமெல்லாம் கிடையாதுங்க" என்று அறையைத் திறந்தே காட்டினார். மறுநாள் வந்து, சமையற்காரம்மா வேலையை விட்டுப் போய்விடுவேன் என்கிறாள், மன்னிக்கணும் என்றார். முனிசாமி மட்டும் அடிக்கொரு தரம், "என் பாலுக்கு ஒரு தோசமும் கெடையாது சாமி, சத்தியமா! அவரு இன்னா பண்ணுவார்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்தினின் ஏட்டில் பாதிதான் முடிந்திருந்தது. நான் சொன்னேன்: நடராஜன் போய்ச் சேர்ந்த தந்தி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், முதலியாரிடம் நான் பேசுகிறேன். அவர் தலையசைத்தார். "தந்தி வரும். ஆனால் அவன் திரும்பி வருகிறவரை ஒவ்வொரு நாளும் அந்த அம்மா இந்தக் கதவைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை வழியில் இருக்கிற தாய்க்கு நான் அதைச் செய்ய மாட்டேன்" என்றார். கலிம்பொங்குக்கே திரும்பிவிடுவதாக முடிவு செய்துவிட்டார். பாதி நூலோடு.

தந்தி வந்தது. சௌக்கியமாகக் கப்பலிலிருந்து இறங்கினான். அன்று சாயங்காலம், தம்தின் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாள் ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கிண்ணத்தைப் படியில் வைத்தார். போகவும் இல்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "அவரை ஒண்ணு கேளுங்க" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"அவங்கம்மா இன்னும் இருக்காங்களான்னு கேளுங்க."

நான் கேட்டேன். தம்தின், "தெரியாது" என்றார். இருபது வருஷமாக எந்தச் செய்தியும் இல்லையாம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லையாம். அம்மாள் குனிந்து கிண்ணத்தைக் கதவுப் பக்கமாக நகர்த்தி வைத்தார். "சூடு ஆறறதுக்குள்ளே சாப்பிடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரை இருக்கச் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் அவரால் வர முடியவில்லை; குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்றுக்காக. குதிரைப் பாலின் ருசியிலிருந்து கிழமைகளின் பெயர்வரை இரண்டு வருஷம் அந்த வராந்தாவில் கேட்டுத் தள்ளினோமே, அம்மாவை உங்கள் பாஷையில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றுகூடக் கேட்டோமே. கூப்பிட அந்த அம்மா இருக்கிறாளா என்று ஒருவர் கேட்கவில்லை. மொழிபெயர்க்க நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் ரிக்ஷா வந்தது. தம்தின் முதலியாரை வணங்கினார். முதலியார் எழுந்து நின்று, "போய்ட்டு வாங்க" என்றார். பழக்கத்தில் வந்த வார்த்தைதான், ஆனாலும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாள் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. தம்தின் என் பக்கம் திரும்பி அந்த மரக்கரண்டியை நீட்டினார். வலது கையால் நீட்டினார். இடது கை முழங்கையைத் தொட்டிருந்தது. நானும் அப்படியே வாங்கிக்கொண்டேன். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ரிக்ஷா கிளம்பிப் பத்தடி போயிருக்கும். என் கையிலிருந்த கரண்டியை யாரோ பிடுங்கியதுபோல் இருந்தது. பாக்கியம். இன்னொரு கையில் காலையில் கறந்த பாலோடு டம்ளர். தலையில் பூ வைத்திருந்தாள்.

"பாக்கியம், வேண்டாம். தெருவே பார்க்குது. உள்ளே வா."

"பாக்கட்டும்."

"மறுபடியும் இந்த வீட்டு வாசல்லேயா? நம்மளையும் போகச் சொல்லிடுவாங்கடி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மணிப்பூர் மலையிலிருந்து இறங்கியதற்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தாள்.

"எங்கம்மாவுக்கு அங்கே ஒரு சொட்டுப் பால் தெளிக்க விட்டாங்களா? தள்ளிக்கிட்டே வந்தாங்க. இவரு போறாரு, அவங்க போய்ட்டாங்க. வழி ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் சேத்துத் தெளிக்கறேன், விடுங்க."

விட்டேன். கரண்டியைத் தோய்த்து வீசினாள். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. "நல்லபடியா போய் வாங்க" என்று தமிழில்தான் சொன்னாள். யாருக்குச் சொன்னாளோ. வீசிக்கொண்டே ரிக்ஷாவுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். நான் பயந்தபடியே ஜன்னலைப் பார்த்தேன். அம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. ஜன்னலைச் சாத்தவும் இல்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நம் வழக்கத்தில் சுடுகாட்டில் காரியம் முடித்தவன் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நான் அப்பாவுக்குச் செய்துவிட்டு அப்படித்தான் வந்தேன். அத்தையை விட்டு வரும்போதும், யாரும் சொல்லாமலே, அப்படித்தான் வந்தோம். தம்தினுக்கு அது தெரியாது. ரிக்ஷாவில் திரும்பி உட்கார்ந்து, லஸ் முனையில் வண்டி வளைகிறவரை எங்களையே பார்த்துக்கொண்டு போனார். பாக்கியம் தெரு நடுவில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ பார்ப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று தெரியவில்லை. கீழே பார்த்தேன். தார் ரோட்டில் வெள்ளைப் பொட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. என் இடது கை வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.